பலர் கூடிப் பாடும் பாட்டு



மேலைநாட்டு இசை வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. ஜார்ஜ் பிரெடெரிக் ஹேண்டல் என்னும் இசைப் பெரியார் நாற்பதுக்கும் மேற்பட்ட இசை நாடகங்களை இயற்றினார். அவற்றில் பாடுவதற்கென்றே இத்தாலி நாட்டிலிருந்து புகழ் வாய்ந்த பாடகர்களைப் பெரும்பொருள் கொடுத்து லண்டன் மாநகருக்கு வரவழைத்தார்கள். ஒவ்வொருவருடைய குரலுக்கும் ஏற்ப, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல, தனிப்பாடல்கள் அமைந்தன. பாடகியர் இருவருள் யார் பெரியவர் என்று சுவைஞர்கள் கட்சி கட்டிக்கொண்டு அரங்கிலேயே கூச்சலிட்டதும் உண்டு. இத்துணை ஆரவாரத்தோடு பிறந்த நாடகங்கள் என்னவாயின? 1750களுக்குப் பிறகு அவை மேடை காணாது உறங்கிப் போயின. 1920ஆம் ஆண்டு ஜெர்மனியில் கோட்டிங்கன் என்னும் ஊரில் அவற்றுள் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து நடித்த பிறகே அவற்றுக்கு மறுவாழ்வு பிறந்தது.

அதே ஹேண்டல் பிற்காலத்தில் ஒரட்டோரியோ என்னும் வகையில் சில படைப்புகளைச் செய்தார். அவற்றில் உயிர்நாடியாய் விளங்குபவை பலர் ஒன்றுகூடிப் பாடும் பகுதிகள். அவற்றைப் பாடியவர்கள் கோயில் இசைக்குழுவைச் சேர்ந்த சிறுவர்களும் ஆடவர்களுமே. அவர்களுக்காக எந்தக் கட்சியும் கூச்சலிடவில்லை. ஆயினும் அந்தக் கூட்டுப் பாடல்கள் ஓர் ஆண்டேனும் உறங்கியதில்லை எனலாம். புகழுடையார் பாடியது மறைந்தது. பெயர் அறியாதார் பாடியது நிலைத்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பலர் கூடிப் பாடுவதற்குச் 'சேர்ந்திசை' என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டு. எம். பி. சீனிவாசன் அவர்கள் இளைஞர்களைத் திரட்டிப் பாடுவித்த நாளிலிருந்து வானொலி நேயர்களுக்குப் பழகிப்போன சொல் அது. அதனையே இங்கும் ஆளுகிறேன். ஒரட்டோரியோ என்பது ஒரு கதையை இசையாலேயே சொல்லும் பெரும் படைப்பு. அதில் நடிப்பு இல்லை, ஒப்பனை இல்லை, திரை இல்லை. பாடகர்கள் நின்ற இடத்திலேயே நின்று பாடுவர். ரோமாபுரியில் பிலிப்பு நேரி என்னும் துறவியைச் சார்ந்தவர்கள் கூடி வழிபட்ட கூடத்திற்கு இலத்தீனில் 'ஒரட்டோரியம்' என்று பெயர். அக்கூடத்தில் வளர்ந்த இசைக்கும் அதுவே பெயராயிற்று. ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் பரோக் காலம் என்பர். அச்சொல்லுக்கு ஒழுங்கற்ற வடிவமுடைய முத்து என்று பொருள் கூறுவார்கள். பின்வந்தோர் ஏளனமாக இட்ட பெயர் அது. நாளடைவில் ஏளனம் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அக்காலத்தின் முற்பகுதியில் கரிஸ்ஸிமி என்னும் இத்தாலியர் யெப்தாவின் கதையை ஒரட்டோரியோவாக்கினார். போரில் வெற்றி கிடைத்தால், வீடு திரும்பும்போது தன் வாயிலிலிருந்து முதலில் எதிர்ப்படும் உயிரைப் பலியிடுவதாக ஒரு தலைவன் பொருத்தனை செய்துகொள்கிறான். எதிரே வருபவள் அவனுடைய ஒரே மகள். அவள் மலைகளில் புலம்பித் திரிகிறாள். அவள் குரல் ஓய்ந்ததும், அறுவர் குரலில் ஒரு சேர்ந்திசை எழுந்து அவளுக்காக அழுகிறது. அங்கே படைப்பு முடிந்துவிடுகிறது. கதைத்தலைவியின் துயரை ஊரே எடுத்துக்கொண்டு அழும் அந்த இடத்தில்தான் ஒரட்டோரியோச் சேர்ந்திசையின் இயல்பு முதன்முதலாக முழுமையாக வெளிப்பட்டது என்று நான் கருதுகிறேன். ஹேண்டல் தம் 'சிம்சோன்' என்னும் படைப்பில் இப்பகுதியை எடுத்துத் தமதாக்கிக்கொண்டார். பிறர் பொருளை எடுத்தாள்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. எடுத்ததை வட்டியோடு திருப்பித் தந்தார் என்பர் அவர் அன்பர்கள்.

இந்த ஹேண்டல் 1685இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்று 1703இல் வெளியேறினார். அதே ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தை நாடி வந்தவர் சீகன்பால்கு. 1706ஆம் ஆண்டில் ஹேண்டல் இசை பயில இத்தாலிக்குச் சென்றார். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயிலத் தொடங்கினார். ஒரே ஊரிலிருந்து இரு திசையில் பிரிந்த இவ்விருவரையும் இணைத்து எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இருக்கட்டும்.

லண்டனில் குடியேறிய ஹேண்டல் இத்தாலிய இசை நாடகங்களால் பெரும்புகழும் பெருநட்டமும் ஒருங்கே அடைந்தார். 1732இல் 'எஸ்தர்' என்னும் விவிலியக் கதையை மேடையேற்ற எண்ணியபோது, அரசவைக் கோயிலின் சிறுவர்கள் நாடக அரங்கில் நடிப்பது தகாது என்று லண்டன் பேராயர் தடுத்தார். சரி, நடிப்பில்லாமல் நின்று பாடட்டும் என்று ஹேண்டல் முடிவு செய்தார். தடை ஒரு கலைக்கு இவ்வாறு வழி திறந்துவிட்டது. நடிப்பு இல்லையென்றால் கூட்டத்தை மேடையில் நடமாட விடவேண்டிய தொல்லை இல்லை. ஒரு படையோ, ஒரு நகரமோ, ஓர் இனமோ முழுதுமே வாய்திறந்து பேசலாம். இத்தாலிய நாடகத்தில் சேர்ந்திசைக்குக் கடைசியில் ஒரு மூலைதான் கிடைத்தது. ஒரட்டோரியோவில் மக்கள் திரளே கதைமாந்தராகிவிட்டது.

இதன் உச்சம் 'எகிப்தில் இஸ்ரவேலர்' என்னும் படைப்பு. அடிமைப்பட்ட ஒரு மக்களினம் விடுதலை பெறும் கதை. அதில் தனித்த தலைவன் என்று எவரும் இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை பெரும்பாலும் சேர்ந்திசையே. எகிப்தின்மேல் வந்த வாதைகள் ஒவ்வொன்றும் ஒரு பாடல். ஈக்கள் மொய்க்கும்போது வயலின்கள் மிக விரைந்த சுரங்களால் ரீங்காரமிடுகின்றன. கல்மழை முதலில் அங்கொரு துளி இங்கொரு துளியாக விழுந்து, பிறகு இரண்டு பாடற்குழுக்களும் ஒன்றையொன்று மோதும் பேரிடியாகிறது. எல்லாவற்றிலும் அரியது இருளைப் பற்றிய பாடல். அங்கே இசைக்கு நிலையான சுருதியே இல்லை. எங்கே நிற்கிறோம் என்று காதுக்குத் தெரிவதில்லை. ஒரு குரல் தனியே தொடங்கி நின்றுவிடுகிறது. இன்னொரு குரல் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. விளக்கில்லாத வீட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு வர, மற்றவர் எங்கிருக்கிறீர் என்று கேட்பதுபோல் இருக்கும்.

1739ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இது அரங்கேறியது. லண்டன் மக்கள் விரும்பவில்லை. தனிப்பாடல்கள் எங்கே என்று கேட்டார்கள். அடுத்த வாரமே ஹேண்டல் சேர்ந்திசைகளைக் குறைத்து, இடையிடையே தனிப்பாடல்களைச் செருகி மீண்டும் நடத்தினார். அப்படியும் பயனில்லை. இன்றோ அந்தச் செருகல்களை எவரும் தேடுவதில்லை. அன்று மிகுதி என்று தள்ளப்பட்ட சேர்ந்திசைகளுக்காகவே அப்படைப்பு வாழ்கிறது.

நம் இசை ஒற்றை இழையாக ஓடும் இசை. ஆறு ஒன்றுதான், அதன் வளைவும் நெளிவும் சுழியுமே அழகு. மேலைநாட்டுச் சேர்ந்திசையில் நான்கு ஆறுகள் ஒருங்கே ஓடும். பெண்களிலோ சிறுவரிலோ மேற்குரலைச் சொப்ரானோ என்றும், அதனினும் தாழ்ந்ததை ஆல்ட்டோ என்றும், ஆடவரின் மேற்குரலை டெனர் என்றும், அடிக்குரலைப் பேஸ் என்றும் கூறுவர். இந்நான்கும் சில வேளை ஒரே சொல்லை ஒரே நேரத்தில், வெவ்வேறு சுரத்தில் சொல்லும். சில வேளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இரண்டாவது முறைக்கு முதிர்ந்த வடிவம் ஃபியூக் எனப்படும். ஓடுதல் என்பது அச்சொல்லின் பொருள்.

தொடக்கப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்வரிசைப் பிள்ளைகள் முதலடியை முடிக்குமுன் பின்வரிசைப் பிள்ளைகள் அதே அடியைத் தொடங்கிவிடுவார்கள். ஆசிரியர் மேசையைத் தட்டி நிறுத்துவார். நானும் பல்லாண்டுகள் மேசையைத் தட்டியவன்தான். ஐரோப்பியர் இந்தக் குழப்பத்தையே எடுத்து ஒரு கலையாக்கினார்கள். பின்வரிசை தொடங்கும்போது முன்வரிசை எங்கே இருக்கவேண்டும், அப்போது அது பாடும் சுரம் பின்வரிசையின் சுரத்தோடு எவ்வாறு இசையவேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டு அமைத்தார்கள். ஆகவே நான்கு வரிசையும் தத்தம் வழியில் ஓடினாலும் மோதிக்கொள்வதில்லை. மோதுவதுபோல் தோன்றும் இடங்களும் உண்டு; அவை வேண்டுமென்றே வைத்தவை.

இந்தக் கலையை வெறும் திறமைக் காட்சியாகச் செய்தவர்கள் அக்காலத்தில் பலர். ஹேண்டலின் சிறப்பு, எப்போது பிரித்து ஓடவிடவேண்டும், எப்போது சேர்த்து நிறுத்தவேண்டும் என்று அறிந்ததில் இருக்கிறது. 'மேசியா'வின் இரண்டாம் பகுதியில் ஒரு பாடல் உண்டு. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலிருந்து எடுத்த பொருள்: மாந்தர் அனைவரும் மேய்ப்பனை விட்ட ஆடுகளாய்த் தத்தம் வழியே போய்விட்டனர்; அவர்கள் குற்றமெல்லாம் ஒருவர்மேல் சுமத்தப்பட்டது. இதற்கு மற்றொருவர் இசையமைத்திருந்தால் முதலடியிலேயே அழத் தொடங்கியிருப்பார். ஹேண்டல் அப்படிச் செய்யவில்லை. பாடல் துள்ளலோடு தொடங்குகிறது. அனைவரும் சேர்ந்து ஆடுகள் என்கிறார்கள். உடனே ஒரு குரல் மேலே ஏறுகிறது, மற்றொன்று கீழே இறங்குகிறது. வழிதவறும் சொல்லுக்கு நீண்ட வேகமான சுரக்கோவைகள்; அவை வளைந்து, நெளிந்து, தொடங்கிய இடத்தையே சுற்றிவருகின்றன. தன் வழி என்னும் சொல் வரும்போது குரல்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் செய்கின்றன. கேட்பவருக்கும் மகிழ்ச்சி, பாடுபவருக்கும் மகிழ்ச்சி. உண்மையில் வழிதவறுகிறவனுக்குத் தவறும் நேரத்தில் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறது? இந்த இசை, சில வாரங்களுக்கு முன் காதலின் வஞ்சகத்தைப் பழித்து ஹேண்டல் எழுதிய இத்தாலிய இருவர் பாடலிலிருந்து வந்தது என்பதை அறிந்தால் இன்னும் சுவை கூடும்.

இவ்வாறு ஆடிக்கொண்டே வந்த பாடல் இறுதிக்குச் சற்று முன் திடீரென்று நடை தளர்கிறது. சுருதி துயரச் சாயல் கொள்கிறது. நான்கு குரலும், ஓட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு, சுமை தலைமேல் ஏறியதுபோல் மெல்ல மெல்ல இறங்குகின்றன. சுமத்தப்பட்டது எது என்று சொல்லும் இடம் அது. சில அடிகளில் பாடல் முடிந்துவிடுகிறது. இதற்குமுன் சிரித்துக்கொண்டு பாடிய அதே வாய்கள்தாம் இதையும் பாடுகின்றன. ஒரு நீதிநூல் பல பக்கங்களில் சொல்வதை இந்தத் திருப்பம் சொல்லிவிடுகிறது. தனிப்பாடலில் இது கைகூடாது. தவறிப்போவது ஒருவனாக இருந்தால் நாம் அவனைச் சுட்டி ஒதுங்கிக்கொள்வோம். இங்கே பாடுகிறது 'நாம்' என்னும் சொல்.

இந்த 'நாம்' என்பதன் ஆழத்தை ஹேண்டலினும் கடுமையாகக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவரும் 1685இல் பிறந்த ஜெர்மானியரே. ஹாலேக்கு அருகிலுள்ள லைப்சிக் நகரில் பள்ளியில் இசை கற்பிக்கும் பொறுப்பிலிருந்த யோகான் செபாஸ்தியன் பாக், இயேசுவின் பாடுகளை மத்தேயு எழுதியபடி இசைத்தார். அதனைப் பாடு என்று வழங்குவர். ஒரட்டோரியோவின் உடன்பிறப்பு எனலாம். தம்முள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு உணவு வேளையில் கூற, சீடர்கள் பதறிப்போய், அவன் நானோ என்று வினவுகிறார்கள். சேர்ந்திசையில் அவ்வினா பதினொரு முறை எழுகிறது; யூதாஸ் ஒருவன் மட்டும் வாய்திறக்கவில்லை என்பது குறிப்பு. அதற்கு மறுமொழி கதையில் வருமுன், ஊர்மக்கள் அனைவரும் அறிந்த ஒரு வழிபாட்டுப் பாட்டின் மெட்டில் அதே குழு பாடுகிறது. குற்றவாளி தானே என்று தன்மையிலேயே ஏற்றுக்கொள்கிறது. பின்னர் விசாரணைக் காட்சி. யாரை விடுதலை செய்யவேண்டும் என்று ஆளுநன் கேட்கிறான். கூட்டம் ஒரு கள்வனுடைய பெயரை மட்டும் ஒரே அடியில் கத்துகிறது. அந்த ஒரு சொல்லின் கொடூரத்தைக் கேட்டவர் மறக்கமாட்டார். கத்தியவர்கள் யார்? சற்றுமுன் கண்ணீரோடு குற்றத்தை ஏற்றுக்கொண்ட அதே பாடகர்கள். பழியை எல்லாம் யூத இனத்தின் தலையில் போட்டு ஐரோப்பா செய்த கொடுமைகளை வரலாறு அறியும். இக்கதையைப் பாடும்போது அதனை மறத்தலாகாது. ஆனால் பாக்கின் இசையமைப்பைக் கூர்ந்து கேட்டால், கத்துகிற வாயும் அழுகிற வாயும் பாடுகிறவர்களுடைய சொந்த வாய்களே.

பாக் மறைந்த பின் இந்தப் பெரும்படைப்பு பல்லாண்டுகள் பொதுமக்கள் காதில் விழவில்லை. 1829ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், இருபது வயது இளைஞரான மெண்டல்சோன் அதனைப் பெர்லினில் மீண்டும் நடத்திக் காட்டினார். பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர் அல்லர்; வாரந்தோறும் கூடிப் பாடிப் பழகிவந்த நகரத்துக் குடும்பத்தினர். இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனெனில் நாம் தேடும் விடை இங்கேதான் இருக்கிறது.

மக்கள் தாமே பாடியதால்தான் இச்சேர்ந்திசைகள் நிலைத்தன. வெறுமனே கேட்கப்பட்டிருந்தால் இசை நாடகங்களின் கதியே இவற்றுக்கும் நேர்ந்திருக்கும்.

'மேசியா'வை ஹேண்டல் 1741 ஆகஸ்டு 22இல் தொடங்கி 24 நாட்களில் எழுதி முடித்தார். 1742 ஏப்ரல் 13ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் அரங்கேற்றினார். அங்கிருந்த இரண்டு பெருங்கோயில்களின் பாடகர்கள் முப்பது பேரளவில் பாடினார்கள். அவற்றுள் ஒரு கோயிலின் தலைவர், 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விப்ட். தம் பாடகர்கள் போகக்கூடாது என்று முதலில் உத்தரவிட்டார் அவர். கடைசியில் அவர்கள் பாடினார்கள். இடம் போதாது என்று, சீமாட்டிகள் வளையம் வைத்த பாவாடை அணியாமலும், கனவான்கள் இடையில் வாள் செருகாமலும் வருமாறு செய்தித்தாளில் வேண்டிக்கொண்டார்கள். வந்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு கடனுக்காகச் சிறையிருந்த 142 பேர் விடுவிக்கப்பட்டனர். லண்டனில் 1750 முதல் ஆண்டுதோறும், கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகத்திற்காக அதே படைப்பு பாடப்பட்டது. 1754ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அங்கே சேர்ந்திசை பாடியவர் இருபதுக்கும் சற்றுக் குறைவு.

அரசர் இரண்டாம் ஜார்ஜ் 'அல்லேலூயா' பாடலைக் கேட்டு எழுந்து நின்றாராம். ஆகவே அனைவரும் எழுந்தார்களாம். இன்றும் பல இடங்களில் எழுகிறார்கள். கதை அழகானது, சான்று மெலிந்தது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1780இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில்தான் அது முதலில் தென்படுகிறது. அரசர் எழுந்தாரோ இல்லையோ, மக்கள் எழுந்தது மெய்.

ஹேண்டல் மறைந்து கால் நூற்றாண்டு சென்றபின், 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அவர் நினைவாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாடகரும் வாத்தியக்காரரும் திரண்டார்கள். 1791இல் அதே இடத்தில் நடந்த விழாவைக் கேட்ட ஹைடன் உள்ளம் உருகித் தாமும் 'படைப்பு' என்னும் ஒரட்டோரியோவை எழுதினார். அடுத்த நூற்றாண்டில் எண்ணிக்கை வெள்ளமாயிற்று. 1859இல் லண்டனின் பளிங்கு மாளிகை எனப்பட்ட கண்ணாடிக் கூடத்தில் பாடியவர்கள் மட்டும் 2,700க்கும் மேல்.

இத்துணைப் பேருக்கு இசை கற்பித்தவர் யார்? இங்கே ஓர் ஆசிரியன் பெருமிதம் கொள்ள இடமுண்டு. நார்விச் நகரில் சாரா குளோவர் என்னும் அம்மையார், பிள்ளைகளுக்காக, ஐந்து கோட்டின்மேல் புள்ளி வைக்கும் கடினமான முறையை விடுத்து, டோ ரே மீ என்னும் எழுத்துகளைக் கொண்டே பாடச் சொல்லிக்கொடுத்தார். ஜான் கர்வன் என்னும் போதகர் அதனைச் செப்பம் செய்து நாடெங்கும் பரப்பினார். நம் ச ரி க ம போன்றே எழுத்துச் சுரம். சாதாரண அச்செழுத்தே போதும். எளியது முன்னும் அரியது பின்னும் வரவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நெறியே கர்வனின் நெறியும். 1840களில் நொவெல்லோ என்னும் பதிப்பகத்தார் இப்பெரும்படைப்புகளைப் பகுதி பகுதியாக மலிவு விலையில் வெளியிட்டார்கள். ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வேலை முடிந்து மாலையில் வந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஹேண்டலைப் பாடினார்கள். யார்க்‌ஷையரில் கம்பளித் துணி நெய்யும் ஹடர்ஸ்பீல்டு என்னும் ஊரில் 1836இல் தோன்றிய சங்கம் இன்றளவும் ஆண்டுதோறும் 'மேசியா'வைப் பாடிவருகிறது. நம் சென்னையிலும் 1893இல் ஓர் இசைச் சங்கம் எழுந்தது. அதன் பாடற்குழுவை நெடுங்காலம் நடத்தியவரும் சென்னை வானொலியில் மேலைநாட்டு இசைக்குப் பொறுப்பேற்றிருந்தவருமான தமிழர் ஒருவரின் பெயரே ஹேண்டல் மானுவேல்!

ஆயிரக்கணக்கானோர் பாடுவது நல்லதா, இருபது பேர் பாடுவது நல்லதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாக்வுட் முதலியோர் ஹேண்டல் காலத்து வாத்தியங்களையும் சிறு குழுவையும் கொண்டு பாடவைத்து, மூடியிருந்த பனியை விலக்கினாற்போல் செய்தார்கள். நான் சிறு குழுவின் கட்சி. ஆடுகள் தனித்தனியே ஓடுவது தெரியவேண்டுமானால் மந்தை சிறிதாக இருக்கவேண்டும். இரண்டாயிரம் பேர் ஃபியூக் பாடினால் திருவிழாக் கூட்டத்தில் தேர் திரும்புவதுபோல் ஆகிவிடும். ஆயினும் அந்தப் பெருங்கூட்டத்தை நான் எள்ளி நகையாடேன். இருபது பேர் இன்று நேர்த்தியாகப் பாடுவதற்கு நூல் ஒன்று கைக்குக் கிடைக்கிறதென்றால், அதை நூறாண்டு சுமந்துவந்து கொடுத்தவர்கள் அவர்களே.

பிறசமயத்தார் இப்பாடல்களில் என்ன காணமுடியும் என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். ஜி. யு. போப் திருவாசகத்தில் என்ன கண்டாரோ அதனைக் காணலாம் என்றேன். ஆனால் கேள்வி அத்தோடு தீர்ந்துவிடாது. சமயம் மட்டுமன்று, அரசியலும் இப்பாடல்களில் கலந்திருக்கிறது. 'யூதாஸ் மக்கபேயு' என்னும் ஒரட்டோரியோ 1747இல் அரங்கேறியது. முந்தைய ஆண்டு கல்லோடன் களத்தில் ஸ்காத்லாந்துக் கிளர்ச்சியாளரை ஈவிரக்கமின்றி அடக்கிய கோமகனுக்கு அது வாழ்த்தாக அமைந்தது. தோற்றவர் காதில் அந்த வெற்றி முழக்கம் எப்படி ஒலித்திருக்கும்? மக்களை ஒருங்கு சேர்க்கும் ஆற்றல் மக்களை ஒருவர்மேல் ஏவிவிடும் ஆற்றலாகவும் கூடும். பாக் அதனை அறிந்திருந்தார். ஹேண்டல் வெற்றிப் பாடலும் எழுதினார். ஆனால் அவர் மனத்துக்கு நெருக்கமானவை வேறு.

'தியோடோரா' என்பது 1750 மார்ச்சில் அரங்கேறிய படைப்பு. அவ்வாண்டு லண்டனில் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பலர் ஊரைவிட்டு ஓடிவிட்டனர். எஞ்சியவரும் அதிகம் வரவில்லை. மூன்று நாளோடு நின்றது. அதன் இரண்டாம் பகுதி முடிவில், கைம்பெண்ணின் இறந்த மகனை இயேசு எழுப்பிய நிகழ்ச்சியைச் சொல்லும் சேர்ந்திசை இருக்கிறது. துயரத்தின் அடியாழத்தில் தொடங்கி, எழு என்னும் சொல்லோடு விழித்து, தாயின் கையில் மகனை ஒப்புவிக்கும் அமைதியில் முடிவது. 'அல்லேலூயா'வைவிட இதனையே தாம் உயர்வாகக் கருதுவதாக ஹேண்டல் சொன்னார் என்று, அப்படைப்புக்குச் சொல் எழுதிக்கொடுத்த மொரெல் குறித்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு மொரெல் எழுதிய 'யெப்தா'வுக்கு ஹேண்டல் இசையமைத்துக்கொண்டிருந்தார். கரிஸ்ஸிமி பாடிய அதே பழைய கதை. இரண்டாம் பகுதியின் இறுதியில், இறைவனுடைய தீர்ப்புகள் மாந்தர் கண்ணுக்கு எட்டாத இருளில் இருப்பதாக மக்கள் பாடும் சேர்ந்திசை. அதனை எழுதிக்கொண்டிருக்கும்போது, 1751 பிப்ரவரி 13ஆம் நாள், இடது கண்ணின் பார்வை தளர்ந்துவிட்டதால் இவ்வளவில் நிறுத்தவேண்டியதாயிற்று என்று தம் தாய்மொழியான ஜெர்மனில் ஏட்டின் ஓரத்தில் குறித்தார். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 23இல், சற்று நலம் என்று மற்றொரு குறிப்பு. அன்று அவருக்கு 66 வயது நிறைந்தது. என் வயதினர் அந்தக் குறிப்புகளைச் சற்று நிறுத்தித்தான் படிப்பார்கள்.

அதே பாடலின் முடிவில், இறைவன் ஆணையிடுவது நன்று என்ற கருத்தில் மொரெல் ஓர் அடி அமைத்திருந்தார். ஹேண்டல் அதனை நீக்கிவிட்டு, கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் தொடர் ஒன்றை அங்கே வைத்தார். இறைவன் பெயர் கூட இல்லாமல், நேர்ந்ததை நேர்ந்தபடி ஒப்புக்கொள்ளும் குறுந்தொடர் அது. அதனைக் குரல்கள் இடைவெளி விட்டு, விட்டு, சம்மட்டியால் அடிப்பதுபோல் பலமுறை சொல்கின்றன. ஒவ்வோர் இடைவெளியிலும் வாத்தியங்களும் அடங்கிப்போகின்றன. நம்பிச் சொல்கிறார்களா, நம்புவதற்காகச் சொல்கிறார்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இருபது முறையேனும் கேட்டிருப்பேன்.

அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் அந்நூலை முடித்தார். 1752 பிப்ரவரியில் கோவன்ட் கார்டன் அரங்கில் அது பாடப்பட்டது. அதன்பின் ஓராண்டுக்குள் அவர் பார்வை முற்றிலும் போயிற்று. பார்வை இழந்த பிறகும் ஒரட்டோரியோக்களின் இடைவேளையில் ஆர்கன் வாசித்துவந்தார். 1759 ஏப்ரல் 6ஆம் நாள் கோவன்ட் கார்டனில் நடந்த 'மேசியா'வுக்கு வந்திருந்தார். எட்டு நாள் கழித்து இறந்தார்.